அப்பா போட்ட கடிகாரம்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுட்டே வந்த பதிவு இது. காமெடி எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். அடுத்த பதிவுல வழக்கமான மொக்கையைப் போட்டு ஈடுகட்டிடறேன்.

போன வருஷம் பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி எங்க வீட்டு சமையல்கட்டுக் குழாய் ஒழுக ஆரம்பிச்சது. ப்ளம்பரைக் கூப்பிடலாம்னு தங்கமணி சொன்னாங்க. "வீட்டுல டர்னரை வெச்சுகிட்டு ப்ளம்பரா?"ன்னு நான் ஒரு பந்தா விட்டேன். அப்பா கிண்டி தொழிற்பேட்டையில முப்பத்தி நாலு வருஷம் லேத்துல நின்னவர். ஒரு தௌ, அதாவது இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு, ஜாப் பெருசா இருந்தா விரலால தடவிப் பாத்தே சொல்லிடுவார். மைக்ரோமீட்டர் வெச்சு அளந்தா சரியா இருக்கும். எங்க வீட்டுல அவர் கழட்டி மாட்டாத பொருள்னு ஒண்ணு கிடையாது.

அப்பா டூல் பாக்ஸை எடுத்துட்டு வந்தார். ஸ்பேனரை எல்லாம் எடுத்து தரையில சைஸ் வாரியா அழகா அடுக்கினார். வாஷரை எடுத்து பக்கத்துல வெச்சார். அப்புறம் அப்படியே உக்காந்துட்டார். கால் மணி நேரம், அரை மணி நேரம். நான் ரெண்டு தடவை எட்டிப் பாத்தேன். ஸ்பேனரைக் கையில எடுக்கறார், கீழ வெக்கறார். குழாயைப் பாக்கறார். திரும்ப எடுக்கறார்.

ஒரு மணி நேரம் கழிச்சு நான் கத்தினேன். "என்னப்பா, ஒரு வாஷர் மாத்த இவ்ளோ நேரமா? முடியலைன்னா சொல்லித் தொலைங்களேன்."

அப்பா ஒண்ணும் சொல்லலை. எல்லாத்தையும் திரும்ப பாக்ஸுக்குள்ள வெச்சுட்டு எழுந்து வாசல்பக்கம் போயிட்டார். இந்தப் பதிவை நான் எழுதறதுக்குக் காரணம் அந்த ஒரு வாக்கியம்தான்.

அதுக்கு முன்னாடியே நிறைய நடந்துட்டுதான் இருந்தது. நாங்கதான் வேற பேர் வெச்சிருந்தோம். கரண்ட் பில் கட்டப் போய் கட்டாம திரும்பி வந்தா 'சோம்பேறித்தனம்'. டிவி முன்னாடி சும்மா உக்காந்திருந்தா 'ரிட்டயர்டு ஆனவங்க அப்படித்தான்'. காலைத் தேய்ச்சு தேய்ச்சு சின்னச் சின்ன அடியா நடந்தா 'மூட்டு வலி'. நூறடி ரோடைத் தாண்டறதுக்கு, மெட்ரோ பாலத்துக்குக் கீழ ரெண்டு சிக்னல் நின்னு மூணாவது சிக்னல்லதான் காலை எடுத்து வெப்பார். 'பயம்'னோம். எல்லாத்துக்கும் எங்ககிட்ட ஒரு பேர் ரெடியா இருந்தது.

மறதி நோய்னு எங்களுக்குத் தோணவே இல்லை. ஏன்னா அப்பாவுக்கு மறதியே கிடையாது! 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பத்திக் கேளுங்க. அடையாறு எங்க தெருவுக்குள்ள எத்தனை மணிக்கு வந்தது, எத்தனாவது படியில தண்ணி நின்னுச்சு, எதுத்த வீட்டு ஆயாவை யார் யார் தூக்கிட்டு மாடிக்குப் போனாங்க, எல்லாம் அச்சுப் பிசகாம சொல்லுவார். அம்மாவே மறந்துபோன சொந்தக்காரங்க பேரெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கும். அப்படி இருக்கறவருக்கு மூளையில என்ன கோளாறு இருக்க முடியும்? இதுதான் எங்க மருத்துவ ஞானம்.

கடைசியில கூட்டிட்டுப் போனது அம்மாவோட நச்சரிப்பு தாங்காமதான். டாக்டர் சின்னப் பொண்ணு. முப்பது வயசு இருந்தா அதிகம். அப்பாகிட்ட ஒரு தாளையும் பென்சிலையும் குடுத்தாங்க. மாண்ட்ரியல்ல உருவாக்கி 2005-ல வெளியான ஒரு சோதனை அது. மொத்தம் 30 மார்க். 26-க்குக் கீழ போனா மேல பாக்கணும்னு கணக்கு, படிப்பையும் சேத்துப் பாத்துதான் முடிவு பண்ணுவாங்களாம். அதுல ஒரு கேள்வி, கடிகாரம் வரையறது.

"சார், ஒரு வட்டம் போட்டு நம்பர் எல்லாம் எழுதுங்க. பதினொண்ணு அடிச்சு பத்து நிமிஷம் ஆன மாதிரி முள்ளு போடுங்க."

அப்பா போட்ட வட்டம் காம்பஸ் வெச்ச மாதிரி இருந்தது. நம்பர் எல்லாம் அளந்து எழுதின மாதிரி. எனக்கு ஒரே பெருமை. அப்புறம் முள்ளு போட்டார். ஒண்ணு 11-க்கு. இன்னொண்ணு 10-க்கு.

பத்து நிமிஷம்னா பெரிய முள் 2-ல இருக்கணும். 'பத்து'ன்னு காதுல விழுந்ததும் 10-ங்கற நம்பர் இழுக்கும். அந்த இழுப்பை அடக்கிட்டு, பத்து நிமிஷத்தை மனசுக்குள்ள 2-ஆ மாத்தணும். நமக்கு அது தானா நடக்குது. அப்பாவுக்கு நடக்கலை. "ஞாபகம் நல்லாத்தான் இருக்கு. திட்டம் போட்டு வரிசையா செய்யறதுதான் அடி வாங்கியிருக்கு. அல்சைமர்னா பெரும்பாலும் ஞாபகம் முதல்ல போகும். இது வேற மாதிரி தெரியுது. ஒரு எம்.ஆர்.ஐ. பாத்துடலாம்"னாங்க டாக்டர்.

குழாய் முன்னாடி அடுக்கி வெச்ச ஸ்பேனர் எனக்கு அப்பதான் ஞாபகம் வந்தது.

ஸ்கேன் எடுக்கற இடத்துல ஒரு சுவாரசியம். பேஸ்மேக்கர் இருக்கா, உடம்புல ப்ளேட் இருக்கான்னு வழக்கமான கேள்வியெல்லாம் கேட்டுட்டு டெக்னீஷியன் தம்பி, "என்ன வேலை பாத்தீங்க பெரியவரே?"ன்னான். லேத்துன்னு சொன்னதும் அவன் முகம் மாறிடுச்சு. "கண்ணுல எப்பவாச்சும் இரும்புத்தூள் பட்டிருக்கா?" பட்டிருக்கு. எண்பதுகள்ல ஒரு தடவை சிப்ஸ் தெறிச்சு ஆஸ்பத்திரியில போய் எடுத்தது. உடனே எம்.ஆர்.ஐ.யை நிறுத்திட்டு முதல்ல கண்ணுக்கு எக்ஸ்ரே. உள்ள ஒரு துணுக்கு மிச்சம் இருந்தாலும் அந்தக் காந்தம் அதை இழுத்து நகர்த்திடும், பார்வையே போகலாமாம். அந்த மெஷின் 1.5 டெஸ்லா. பூமியோட காந்தப்புலத்தைவிட 30 ஆயிரம் மடங்குக்கும் மேல. உங்க வீட்டுலயும் வெல்டிங், கிரைண்டிங், லேத்துல வேலை பாத்தவங்க இருந்தா அவங்க கேக்கலைன்னாலும் நீங்களா சொல்லிடுங்க. எக்ஸ்ரேயில ஒண்ணும் இல்லை. நல்லவேளை.

அரை மணி நேரம் உள்ள டமடமன்னு சத்தம். வெளிய வந்து அப்பா சொன்னது: "பேரிங் போன மெஷின் மாதிரி கத்துதுடா."

வெளிய உக்காந்திருந்தப்ப எனக்கு ஒரு சின்ன கொசுவத்தி. எங்க பழைய வீட்டுல ஹெச்.எம்.வி. நாய் படம் போட்ட ரெக்கார்டுங்க இருந்தது. அந்த ஹெச்.எம்.வி.யோட தாய் கம்பெனி இ.எம்.ஐ. மூளையை வெட்டாம உள்ள பாக்கற சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடிச்ச காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு அந்த இ.எம்.ஐ.யில வேலை பாத்த இன்ஜினீயர்தான்! 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டன்ல முதல் நோயாளிக்கு எடுத்தாங்க. 1979-ல நோபல். எம்.ஆர்.ஐ.க்காக லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் வந்தது 2003-ல. அதுக்கு முன்னாடி எங்க தாத்தா காலத்துல இந்த மாதிரி ஒருத்தர் உக்காந்துட்டா 'வயசாயிடுச்சு'ன்னு சொல்றதைத் தவிர வேற வழியே இல்லை. 1894-லயே ஜெர்மனியில ஓட்டோ பின்ஸ்வாங்கர்ங்கற டாக்டர் ரத்தக்குழாய் கெட்டுப்போய் மூளையோட வெள்ளைப் பகுதி அழியறதைப் பத்தி எழுதியிருக்கார். ஆனா அதையெல்லாம் செத்த பிறகுதான் பாக்க முடிஞ்சது.

மறுநாள் டாக்டர் கம்ப்யூட்டர்ல படத்தைக் காட்டினாங்க. அப்பாவும் கூட இருக்கட்டும்னு அவங்களே சொன்னாங்க. "அவர் மூளைதானே, அவர் பாக்க வேணாமா?"

ஃப்ளேர்னு ஒரு வகைப் படம். அதுல மூளையைச் சுத்தியிருக்கற தண்ணியோட வெளிச்சத்தை அமுக்கிடுவாங்க, அது கறுப்பாயிடும். அடிபட்ட இடம் மட்டும் பளிச்சுன்னு வெள்ளையா தெரியும். அப்பா மூளையில நடுவுல இருக்கற அறைகளைச் சுத்தி வெள்ளை வெள்ளையா திட்டு. சுவத்துல ஓதம் ஏறின மாதிரி. இதுக்கு 0-லேர்ந்து 3 வரைக்கும் ஒரு கிரேடு இருக்கு, 1987-ல ஃபசெகாஸ்ங்கற ஆஸ்திரிய டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் போட்டது. அப்பாவுக்கு 2. அது தவிர மூணு சின்னக் குழி. 3 மில்லிமீட்டர்லேர்ந்து 15 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கற இந்த மாதிரிக் குழிக்கு லாக்கூன்னு பேரு. லத்தீன்ல குழி, குட்டைன்னு அர்த்தம். நம்ம ஊர் பேர்லயே இருக்கற தாங்கல் மாதிரி, சின்னதா தண்ணி தேங்கின பள்ளம்.

"இது ஒவ்வொண்ணும் ஒரு குட்டி ஸ்ட்ரோக்"னாங்க.

"அவருக்கு ஸ்ட்ரோக் வந்ததே இல்லையே மேடம்?"

"வந்திருக்கு. உங்களுக்கும் தெரியலை, அவருக்கும் தெரியலை."

கை கால் இழுக்காம, வாய் கோணாம, சத்தமே இல்லாம வந்துட்டுப் போற ஸ்ட்ரோக். ஹாலந்துல ராட்டர்டாம்ங்கற ஊர்ல 60 வயசு தாண்டின 1,015 பேருக்கு ஸ்கேன் எடுத்து வருஷக்கணக்கா கவனிச்சாங்க. 2003-ல முடிவு வந்தது. இந்தச் சத்தமில்லாத குழி இருந்தவங்களுக்கு டிமென்ஷியா வர்ற வாய்ப்பு, இல்லாதவங்களைவிட ரெண்டு மடங்குக்கும் மேல. நம்ம நாட்டுல 60 வயசுக்கு மேல இருக்கறவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்குன்னு 2023-ல வந்த ஆய்வு ஒண்ணு கணக்குப் போட்டிருக்கு. அதுல எத்தனை பேர் வீட்டுல 'சோம்பேறி'ன்னு பேர் வாங்கிட்டு உக்காந்திருக்காங்களோ.

ஏன் இப்படி ஆகுதுன்னு டாக்டர் விளக்கினாங்க. மூளையோட ஆழத்துக்குப் போற ரத்தக்குழாய் ரொம்பப் பொடிசு, நிறைய குழாய் அரை மில்லிமீட்டருக்கும் கம்மி.

"இருபது தௌ"ன்னார் அப்பா. ஸ்கேன் படத்துலேர்ந்து கண்ணை எடுக்காம. நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டுப் பாத்தேன். கரெக்ட்டா இருந்தது.

பெரிய குழாய்லேர்ந்து இந்தப் பொடிக்குழாய் நேரா கிளம்புது. அதனால பெரிய குழாயோட அழுத்தம் அப்படியே இதுமேல இறங்கும். பி.பி. வருஷக்கணக்கா எகிறியே இருந்தா குழாயோட சுவர் தடிச்சு, உள்விட்டம் சுருங்கி, ஒருநாள் அடைச்சுக்கும். அந்த இடத்துக்கு வேற பாதையும் கிடையாது. வெள்ளைப் பகுதிங்கறது மூளையோட ஒரு பகுதியையும் இன்னொரு பகுதியையும் இணைக்கற ஒயரிங். அது போனா, தகவல் எல்லாம் உள்ள பத்திரமா இருக்கும். ஆனா ஒண்ணோட ஒண்ணு பேசிக்க நேரமாகும், நடுவுல அறுந்துபோகும்.

"கூலன்ட் லைன்ல சேறு அடைச்ச மாதிரி"ன்னார் அப்பா. "மெஷின் ஓடும். ஆனா டூல் எரிஞ்சுபோகும்." டாக்டர் சிரிச்சுட்டாங்க. "இதை நான் மத்தவங்களுக்கும் சொல்லிக்கறேன் சார்."

அப்புறம் அவங்க என்னைப் பாத்து கேட்டது சிரிக்கற விஷயம் இல்லை. "பி.பி. மாத்திரை சாப்பிடறாரா?"

பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கேம்ப்ல பாத்து பி.பி. இருக்குன்னாங்க. மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டார். தலை வலிக்கலை, மயக்கம் இல்லை, "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு?"ன்னு நிறுத்திட்டார். நாங்க யாரும் கேக்கலை. வீட்டு வரி கட்டியாச்சா, கேஸ் புக் பண்ணியாச்சான்னு கேட்டிருக்கேன். பன்னெண்டு வருஷத்துல ஒரு தடவை கூட "அப்பா, மாத்திரை போட்டீங்களா?"ன்னு கேட்டதில்லை.

இந்தப் படத்தை எவ்வளவு நம்பலாம்னும் கேட்டேன். அந்த டாக்டரம்மா நேர்மையா பதில் சொன்னாங்க. வயசானவங்க மூளையில கொஞ்சம் வெள்ளைத் திட்டு சகஜம். ரிப்போர்ட்ல ஒரு வரி பாத்துட்டு யாரும் பயந்துடக்கூடாது. ஒரே மாதிரி படம் இருக்கற ரெண்டு பேர்ல ஒருத்தர் பேங்க் வேலையெல்லாம் பாப்பார், இன்னொருத்தருக்கு சட்டை பட்டன் போட முடியாது. அல்சைமரும் இதுவும் ஒரே ஆளுக்குச் சேந்தே வர்றதும் நிறைய. அதனால படத்தை மட்டும் பாக்காம கடிகாரத்தையும், நடையையும், வீட்டுக்காரங்க சொல்றதையும் சேத்துதான் பாக்கணும். ஒரு தொந்தரவும் இல்லாதவங்க சும்மா போய் மூளையை ஸ்கேன் எடுத்துக்கறதும் தேவையில்லாத வேலை.

வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சதுல இன்னொண்ணும் தெரிஞ்சுது. மூளை சுருங்கியிருக்கான்னு கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பாக்கற அளவுகோல் மூளை ரொம்ப காலமா வெள்ளைக்காரங்களோடதுதான். ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி. ஆட்கள் 100 இந்தியர்களோட ஸ்கேனை வெச்சு 2019-ல ஒரு சராசரி மூளை வரைபடம் செஞ்சாங்க. சராசரியா நம்ம மூளை அளவுல கொஞ்சம் சின்னது. தப்பான கேஜை வெச்சு அளந்தா நல்ல ஜாப்பும் ரிஜெக்ட் ஆகும்னு டர்னர் பையனுக்குத் தெரியாதா? இங்க எங்க ஊர்லேர்ந்து கூப்பிடு தூரத்துல ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல 2022-ல ஒரு மூளை ஆய்வு மையம் ஆரம்பிச்சாங்க. சுதா கோபாலகிருஷ்ணன் பேர்ல. முழு மூளையை மெல்லிசு மெல்லிசா சீவி, செல் வரைக்கும் தெரியற மாதிரி படம் எடுக்கறாங்க. 2024 டிசம்பர்ல கருவில் இருக்கற குழந்தையோட மூளையை 5,132 சீவல்ல படம் பிடிச்சு, 'தரணி'ன்னு பேர் வெச்சு உலகத்துக்கே இலவசமா குடுத்திருக்காங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இவ்ளோ நடக்குது, நான் இத்தனை வருஷம் அந்த வழியா வண்டி ஓட்டிட்டு மட்டும்தான் போயிருக்கேன்.

சரி, இனிமே என்ன? போன குழி போனதுதான். அதைத் தூக்க மருந்து கிடையாது. புதுசா விழாம பாத்துக்கலாம். அமெரிக்காவுல 50 வயசுக்கு மேல 9,361 பேரை வெச்சு ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு மேல் பி.பி.யை 140-க்குக் கீழ, மீதிப் பேருக்கு 120-க்குக் கீழ. 2019-ல வந்த முடிவுல, டிமென்ஷியா குறைஞ்சதுன்னு அடிச்சுச் சொல்ல முடியலை. ஆனா அதுக்கு முன் கட்டமான லேசான தடுமாற்றம் 120 கோஷ்டியில 19 சதவீதம் கம்மி. அதுல ஒரு பகுதி ஆட்களுக்கு ஸ்கேனும் எடுத்தாங்க. சுமார் நாலு வருஷத்துல வெள்ளைத் திட்டு 140 கோஷ்டிக்கு 1.45 கன சென்டிமீட்டர் வளர்ந்தது, 120 கோஷ்டிக்கு 0.92. சர்க்கரை இருந்தவங்களையும் ஏற்கெனவே ஸ்ட்ரோக் வந்தவங்களையும் அதுல சேக்கலை. ரொம்ப இறக்கினா வயசானவங்க எழுந்து நிக்கும்போது தலைசுத்தி விழற ஆபத்தும் இருக்கு. அதனால எந்த அளவுல நிறுத்தணும்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும், கூகிள் பண்ணி நாமளே மாத்திரையைக் கூட்டக்கூடாது.

ஆனா விஷயம் புரியுதுல்ல? தினம் ஒரு மாத்திரை. விலையும் பெருசா கிடையாது. அரசாங்கமே 2021 ஆகஸ்ட்லேர்ந்து 'மக்களைத் தேடி மருத்துவம்'னு பி.பி., சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசல்ல குடுக்கற திட்டம் வெச்சிருக்கு. எங்க வீட்டுல குறைஞ்சது மாத்திரை இல்லை. கேக்கற ஆள்.

அன்னைக்கு ராத்திரி தங்கமணி மிஷினை எடுத்து என் கையில சுத்தினாங்க. 148க்கு 96. "மெஷின் தப்பா இருக்கும், புதுசா வாங்கலாம்"னேன். அவங்க பதிலே சொல்லலை, ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க. இப்ப காலையில அப்பாவும் நானும் ஒரே டம்ளர் தண்ணியில மாத்திரை போட்டுக்கறோம். எனக்கு நாப்பத்தி ஆறு.

கத்தினதுக்கு நான் இன்னும் அப்பாகிட்ட மன்னிப்பு கேக்கலை. எங்க வீட்டுல அப்படி ஒரு பழக்கமே இல்லை. ஆனா ஒண்ணு செஞ்சேன். அந்தக் காலத்துல அவர் கம்பெனியில ஒவ்வொரு வேலைக்கும் ஜாப் கார்டு வரும். முதல்ல ஃபேசிங், அப்புறம் டர்னிங், அப்புறம் த்ரெட்டிங்னு வரிசையா எழுதியிருக்கும். போன மாசம் பாத்ரூம் குழாய் ஒழுகினப்ப ஒரு அட்டையில பெருசா எழுதினேன். 1. மாடியில வால்வை மூடணும். 2. தண்ணி நிக்குதான்னு பாக்கணும். 3. மேல் நட்டைக் கழட்டணும். இப்படி எட்டு வரி.

அப்பா அட்டையைப் பாத்தார். என்னைப் பாத்தார். "ஜாப் நம்பர் போடலையே"ன்னார். பேனாவை வாங்கி அவரே மேல ஒரு நம்பர் எழுதினார். அப்புறம் மாடிக்குப் போனார்.

நாலாவது வரியில நின்னுட்டார். ரொம்ப நேரம். நான் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துட்டேன், வாயைத் திறக்கலை. முக்கால் மணி நேரம் ஆச்சு. குழாய் இப்ப ஒழுகலை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. படிச்சது, கேட்டது, பட்டது மட்டும்தான் இது. உங்க அப்பா அம்மாகிட்ட இன்னிக்கு போன்ல பேசும்போது, சாப்டாச்சான்னு கேட்ட கையோட மாத்திரை போட்டாச்சான்னும் கேட்டுடுங்க. திட்டுவாங்க. பரவாயில்லை.